வலது கன்னமா இடது கன்னமா: ஒரு தியானத்துக்கு மூன்றரை நட்சத்திரம்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளி சாயங்காலம் தொடங்கி ஞாயிறு மதியம் வரை, இரண்டு ராத்திரி தங்கல், சாப்பாடு உட்பட ஆளுக்கு 2,200 ரூபாய். தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிற ஒரு தியான இல்லம். பெயரைப் போடவில்லை. கீழே சில குறைகள் சொல்லப் போகிறேன், அதை வைத்து அங்கே சமைக்கிற அக்காவுக்கு யாரும் சங்கடம் கொடுத்துவிடக் கூடாது, ஏனென்றால் அந்த மூன்று நாளில் குறையே சொல்ல முடியாத ஒரே ஆள் அவர்தான்.

தலைப்பு ‘மறு கன்னம்’. பைபிளில் மத்தேயு ஐந்தாம் அதிகாரம், 38 முதல் 42 வரை, ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தையும் காட்டு என்று இயேசு சொல்கிற இடம். மொத்தமே ஐந்து வசனம். “அஞ்சு வசனத்துக்கு மூணு நாளா?” என்று வீட்டில் கேட்டாள். நானும் அதையே நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

ஏன் போனேன் என்பதை மறைத்துவிட்டு ரிவ்யூ எழுதினால் நன்றாக இருக்காது. பிப்ரவரியில் எங்கள் சித்தப்பா பேத்தி கல்யாணத்தில், பந்தி முடிந்து எல்லோரும் கை கழுவுகிற இடத்தில் வைத்து, என் அண்ணன் என்னைக் கன்னத்தில் அறைந்துவிட்டார். அவருக்கு வயது 58, எனக்கு 51. பூர்வீக வீட்டின் பின்பக்கத்துச் சுவர் யாருடையது என்கிற பழைய தகராறு, அவர் ஒரு வார்த்தை சொல்ல நான் இரண்டு சொல்ல, விழுந்தது ஒன்று. நான் திருப்பி அடிக்கவில்லை. உடனே சொந்தக்காரர்கள் எல்லாம் ‘ஆண்டவர் சொன்னபடி நடந்துட்டான் பாரு’ என்று மெச்சினார்கள். உண்மை என்னவென்றால், அது பொறுமையே இல்லை, திகைப்பு. கையில் இருந்த பாயச டம்ளர் வேட்டியில் கவிழ்ந்திருந்தது, நான் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு இரண்டு மாதமாக, அந்தச் சுவரை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொல்லி வந்த ஒவ்வொருவரும் இந்த வசனத்தைச் சொல்லித்தான் கேட்டார்கள். அறை வாங்கினவனுக்கே வசனம், அறைந்தவருக்கு ஒரு வசனமும் இல்லை. இதற்கு உண்மையிலேயே ‘அடங்கிப் போ’ என்றுதான் அர்த்தமா என்று தெரிந்துகொள்ளத்தான் 2,200 ரூபாய் கட்டினேன்.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாக. மெத்தை மெலிசு. மின்விசிறி சுற்றுகிறதைவிடச் சத்தம் அதிகம். கொசு உண்டு. வெந்நீர் காலை ஆறு முதல் ஏழு வரை மட்டும், அதுவும் பின்கட்டில் விறகடுப்பு அண்டாவிலிருந்து பக்கெட்டில் நாமே மொண்டுகொள்ள வேண்டும். சாப்பாடு வேறு கதை: சனிக்கிழமை மதியம் வைத்த மீன் குழம்பு, சாயங்காலம் சுக்குக் காப்பியோடு பருப்பு வடை, ஞாயிறு காலை இட்லிக்கு இரண்டு வகைச் சட்னி. சாப்பாட்டுக்கு மட்டும் தனியாக மார்க் போடச் சொன்னால் ஐந்துக்கு ஐந்து.

அந்தச் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு பழைய சித்திரத்தின் நகலை லாமினேட் செய்து மாட்டியிருக்கிறார்கள். உறைந்த நீர்நிலை, பனி உடைந்து ஒருவன் முங்கிக்கொண்டிருக்கிறான், இன்னொருவன் குனிந்து இரண்டு கையையும் நீட்டுகிறான். யான் லைக்கன் என்ற டச்சுக்காரர் 1685-இல் செதுக்கிய படம். கை நீட்டுகிறவர் டிர்க் வில்லெம்ஸ், பெரியவனான பிறகு மறுபடி ஞானஸ்நானம் எடுத்துக்கொண்ட குற்றத்துக்காகப் பிடித்து வைக்கப்பட்டிருந்தவர். தப்பி ஓடுகிறார், துரத்தி வந்த காவலாள் பனிக்குள் விழுகிறான், இவர் திரும்பி வந்து அவனைத் தூக்கிவிடுகிறார். தூக்கிவிட்டவரைப் பிடித்துக்கொண்டு போய் 1569 மே மாதம் அஸ்பெரன் என்ற ஊரில் உயிரோடு எரித்தார்கள். மீன் குழம்புக்கு எதிரே மாட்டுகிற படமா இது என்று முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் வகுப்பு எடுத்த டீச்சர் முதல் நாளே அதைக் காட்டி, “நீங்க மறு கன்னம் காட்டினா அடிச்சவன் மனசு மாறிடுவான்னு யாராவது உங்களுக்கு கியாரண்டி கொடுத்தா, இந்தப் படத்தைக் காட்டுங்க” என்றார். அப்போதே எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது.

வகுப்பு எடுத்தது இரண்டு பேர். ஒருவர் ஓய்வுபெற்ற ஐயர் (எங்கள் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம், மற்ற ஊர்க்காரர்கள் குழம்ப வேண்டாம்). இன்னொருவர் இறையியல் கல்லூரி ஒன்றில் புதிய ஏற்பாடு சொல்லிக்கொடுக்கிற டீச்சர், நாற்பது வயதுக்குள் இருக்கும். வந்திருந்தவர்கள் நாங்கள் இருபத்தி மூன்று பேர்.

வெள்ளி ராத்திரி வகுப்பில் புரொஜெக்டர் வேலை செய்யவில்லை. நல்லதாகப் போயிற்று. டீச்சர் வசனத்தை வாசிக்கச் சொன்னார். நம் சபைகளில் இன்றும் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பில், பவர் ஐயர் குழு செய்து 1871-இல் வந்ததில், ‘ஒருவன் உன்னை வலது கன்னத்தில் அறைந்தால், அவனுக்கு மறு கன்னத்தையும் திருப்பிக்கொடு’ என்று இருக்கும். பின்வரிசையில் இருந்த கல்லூரிப் பையன் ஒருவன், “திருப்பிக் கொடுன்னுதான மேடம் போட்டிருக்கு, அதைத்தான நாங்களும் செய்யுறோம்” என்றான். கூட்டம் சிரித்து அடங்க இரண்டு நிமிடம் ஆனது. ஐயர்கூடச் சிரித்தார். டீச்சர் அதைப் பிடித்துக்கொண்டு மொழிக்குள் போனார், எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி அதுதான். அதற்கு முந்தைய வரியில் ‘தீமையோடு எதிர்த்து நிற்கவேண்டாம்’ என்கிறது பழைய மொழிபெயர்ப்பு. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு ‘தீமை செய்பவரை எதிர்க்க வேண்டாம்’ என்கிறது. தீமையா, தீமை செய்கிற ஆளா? கிரேக்க மூலத்தில் அந்தச் சொல்லை இரண்டு விதமாகவும் எடுக்க முடியுமாம், ஆகவே இரண்டு குழுவும் தப்புச் செய்யவில்லை. ஆனால் ‘எதிர்த்து நிற்க’ என்பதில் பழைய ஆட்கள் சொல்லுக்குச் சொல் சரியாகப் பிடித்திருக்கிறார்கள்: கிரேக்கத்தில் ‘ஆன்டிஸ்தேனாய்’, ஆன்டி என்றால் எதிர், ஸ்தேனாய் என்றால் நிற்பது. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் இதே வினைச்சொல் போர்க்களத்தில் எதிரி முன்னால் நிற்கிறதற்கு அடிக்கடி வருகிறது. அப்படிப் பார்த்தால், வாளுக்கு வாள் தூக்கிக்கொண்டு நிற்காதே என்பதுதான் பேச்சு, கையைக் கட்டிக்கொண்டு சும்மா இரு என்று அந்தச் சொல் சொல்லவில்லை. நாற்பது வருஷமாகக் கேட்ட வசனம், ஒரு சொல்லைக் கழற்றிப் பார்த்ததே இல்லை.

சனிக்கிழமை காலைதான் பெரிய வகுப்பு. டீச்சர் இரண்டு பையன்களை எதிரெதிரே நிறுத்தினார். “தம்பி, அவனை வலது கன்னத்துல அறை. அடிக்க வேண்டாம், கையைக் கொண்டு போ, போதும்.” பையன் வலது கையை வீசினான், அது நேராக எதிரே நிற்கிறவனின் இடது கன்னத்துக்குப் போனது. “வலதுன்னு சொன்னேன்.” யோசித்தான். இடது கையைத் தூக்கினான். முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி, “ஏல, பீச்சாங்கையாலயா அடிப்ப?” என்று அதட்டினார்கள். அந்தக் காலத்து யூதர்களிடமும் இதே கதைதான் என்றார் டீச்சர். சாக்கடல் ஓரம் கும்ரானில் வாழ்ந்த கூட்டத்தின் ஒழுங்குவிதிகளில், பேசும்போது இடது கையை நீட்டினவனுக்குப் பத்து நாள் தண்டனை உண்டு. இந்த விஷயத்தை நம் ஊரில் விளக்கத் தேவையே இல்லை.

அப்படியானால் மிச்சம் இருப்பது ஒரே வழி. பையன் வலது கையை மடக்கி, புறங்கையால் எதிராளியின் வலது கன்னத்துப் பக்கம் தட்டுகிற மாதிரி கொண்டுபோனான். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த கூடத்தில் சத்தம் நின்றுவிட்டது. அந்தக் கை போன விதத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அது சண்டை போடுகிறவன் கை இல்லை. எட்டிப் போ நாயே என்று சொல்கிறவன் கை.

வால்டர் விங்க் என்ற அமெரிக்க இறையியலாளர் விரிவாக எழுதிப் பரப்பிய விளக்கம் இது. புறங்கையால் அடிக்கிறவன் காயப்படுத்த அடிப்பதில்லை, நீ எனக்குக் கீழே என்று இடத்தைக் காட்ட அடிக்கிறான். எஜமான் அடிமையை, ரோமன் யூதனை அப்படித்தான் அடித்தான். அடி வாங்கினவன் முகத்தைத் திருப்பி இடது கன்னத்தைக் காட்டினால், அந்தப் புறங்கை வேலை செய்யாது. பையனைச் செய்து பார்க்கச் சொன்னார்கள், குறுக்கே மூக்கு வந்து நிற்கிறது. இனி அடிக்க வேண்டுமென்றால் உள்ளங்கையால் அல்லது மடக்கிய கை முட்டியால் அடிக்க வேண்டும், அது சமமானவனோடு போடுகிற சண்டை. ஓடவும் இல்லை, திருப்பி அடிக்கவும் இல்லை, ஆனால் ‘நீ நினைக்கிற ஆள் நான் இல்லை’ என்று சொல்லியாகிவிட்டது.

இதற்குத் துணையாக அவர் காட்டிய சான்று என்னை அசத்திவிட்டது. யூதர்களின் சட்டத் தொகுப்பான மிஷ்னா, கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்டது, அதில் பாபா கம்மா என்ற பகுதியில் அவமானத்துக்கு அபராதப் பட்டியலே இருக்கிறது. முட்டியால் குத்தினால் ஒரு செலா, அதாவது நான்கு சூஸ். உள்ளங்கையால் அறைந்தால் 200 சூஸ். புறங்கையால் அறைந்தால் 400. ஒரு சூஸ் என்பது ரோமர்களின் தெனாரியம் என்ற ஒரு காசுக்குச் சமம், திராட்சத்தோட்ட உவமையில் கூலியாளுக்கு ஒரு நாள் சம்பளமாகக் கொடுப்பார்களே, அது. ஆக, முட்டியால் குத்தினால் நாலு நாள் கூலி, புறங்கையால் தட்டினால் ஒரு வருஷத்துக்கும் மேலான கூலி. வலி எதில் அதிகம் என்று பார்த்தால் கணக்குத் தலைகீழ். ஆனால் நம் ஊரில் செருப்பால் அடிப்பதற்கும் கட்டையால் அடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். கட்டையால் அடித்தால் எலும்புதான் உடையும்.

நான் என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். எனக்கு விழுந்தது இடது கன்னத்தில், உள்ளங்கையால். இந்தக் கணக்குப்படி என் அண்ணன் என்னைச் சமமானவனாகத்தான் நடத்தியிருக்கிறார். 400 கிடைக்காது, 200தான்.

ஆனாலும் ஒரு சந்தேகத்தைக் கேட்காமல் விடவில்லை. லூக்கா ஆறாம் அதிகாரத்தில் இதே போதனை வருகிறது, அங்கே ‘ஒரு கன்னத்தில்’ என்று மட்டும்தான் இருக்கிறது, வலது என்ற சொல்லே கிடையாது. முழு விளக்கமும் ஒரு சொல்லில் தொங்குகிறதே என்றேன். இதை மழுப்புவார்கள் என்று எதிர்பார்த்தேன், டீச்சர் மழுப்பவில்லை. “சரியான கேள்வி. விங்க் சொல்றது ஒரு வாசிப்பு, ஒரே வாசிப்பு இல்ல” என்று சொல்லிவிட்டு, வலது கையால் அடித்தால் இடது கன்னத்தில்தானே விழும் என்பதை பழைய சபைத் தந்தை அகுஸ்தீன் ஐந்தாம் நூற்றாண்டிலேயே கவனித்து எழுதியிருக்கிறார், அவர் அதிலிருந்து எடுத்தது மனதுக்குள் இருக்க வேண்டிய பொறுமையை; ‘உனக்காக நீ பொறுத்துக்கொள், அடுத்தவனைக் காப்பாற்ற அதிகாரி வாள் எடுக்கலாம்’ என்றவர் சீர்திருத்தவாதி லூத்தர்; ஒருவருக்காகவும் எடுக்கக் கூடாது என்றவர்கள் சாப்பாட்டு அறைப் படத்தில் இருக்கிறவரின் கூட்டத்தார் என்று மூன்று நூல் பிரித்துக் கொடுத்தார். காசு கொடுத்ததற்கு இந்த ஒரு மணி நேரம் போதும்.

அடுத்த வசனங்களில் வருகிற வஸ்திரத்தையும் ஒரு மைலையும் வேகமாகத் தாண்டினார்கள், நானும் தாண்டுகிறேன். ஒன்று மட்டும்: ‘ஒரு மைல் தூரம் வரப் பலவந்தம்பண்ணினால்’ என்ற இடத்தில் இருக்கிற அதே கிரேக்க வினைச்சொல்தான் சிரேனே ஊர் சீமோனைச் சிலுவை சுமக்கப் பலவந்தம் பண்ணினார்கள் என்ற இடத்திலும் இருக்கிறது. அரசாங்க வேலைக்கு ஆளையும் கழுதையையும் பிடித்துக்கொண்டு போகிற உரிமைக்கான சொல் அது. மலையில் உட்கார்ந்து கேட்டவர்கள் ரோமப் பட்டாளத்தானின் மூட்டையைத் தோளில் உணர்ந்திருப்பார்கள்.

இப்போது குறை. இதற்காகத்தான் ஒன்றரை நட்சத்திரம் குறைத்தேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கேள்வி நேரம், மேசைக்கு ஐயர் வந்து உட்கார்ந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், ஒரு பெண் எழுந்தார். காலை முழுவதும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர். கேள்வியைத் தாளில் எழுதி வைத்திருந்தார், அதைப் பார்த்தே வாசித்தார்: “கல்யாணம் ஆகி பதினொரு வருஷம் ஆகுது. அவர் அடிக்கும்போது நான் மறு கன்னத்தைக் காட்டணுமா?” அவ்வளவுதான். தாளை நான்காக மடித்துக்கொண்டே நின்றார். மேலே சுற்றுகிற மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

ஐயர் கெட்டவர் இல்லை. குரல் நிஜமாகவே இளகியிருந்தது. ஆனால் சொன்னது என்ன? “பொறுமையா இரும்மா. ஜெபம் பண்ணு. அவனும் ஒரு நாள் மனந்திரும்புவான். சிலுவை சுமக்கிறவங்களுக்குக் கிரீடம் உண்டு.” காலையில் மூன்று மணி நேரம் கட்டினதெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் விழுந்தது. அந்தப் பெண் ‘சரிங்க ஐயா’ என்று உட்கார்ந்துவிட்டார். அந்த ‘சரிங்க ஐயா’வை நான் இதற்கு முன்னாலும் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன், எங்கள் அம்மா வாயிலிருந்தும்.

பின்னால் உட்கார்ந்திருந்த டீச்சர் எழுந்து வந்து மைக்கைக் கேட்டார். ஐயர் கொடுத்துவிட்டார், அதை அவருக்கு வரவில் வைக்கிறேன். டீச்சர் மேசைக்குப் போகவில்லை, அந்தப் பெண் உட்கார்ந்த வரிசைக்குப் போனார். “அக்கா, வேண்டாம். காட்ட வேண்டாம்” என்றார். அப்புறம் சொன்னார்: இந்த வசனம் அடிக்கிறவன் கையில் கொடுக்கப்பட்ட ஆயுதம் இல்லை, அடி வாங்கினவர் நிமிர்வதற்காகச் சொன்னது, பதினொரு வருஷமாகக் கதவைச் சாத்திக்கொண்டு அடிக்கிற இடத்தில் நிமிர்ந்தால் அடுத்த அடி விழும், அவ்வளவுதான் நடக்கும். அதே மத்தேயுவில் பத்தாம் அதிகாரத்தில் ‘ஒரு பட்டணத்தில் உங்களைத் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்திற்கு ஓடிப்போங்கள்’ என்று அதே ஆண்டவர்தான் சொல்கிறார், அதை மட்டும் ஏன் எந்தப் பிரசங்கத்திலும் கேட்பதில்லை? அப்போஸ்தலர் பவுல் கூடையில் இறங்கி மதில் தாண்டித் தப்பிப் போனவர். 2005-இல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, அடிக்கிறவனை விலக்கி வைக்கவும் அந்த வீட்டிலேயே நீங்கள் தொடர்ந்து இருக்கவும் உத்தரவு வாங்கலாம், பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் பண்ணினால் எடுப்பார்கள். இதையெல்லாம் மைக்கில், எல்லோர் முன்னாலும் சொன்னார். ஐயர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: இந்தத் தலைப்பில் தியானம் வைத்தால் இந்தக் கேள்வி ஒவ்வொரு தடவையும் வரும். கண்டிப்பாக வரும். அதற்கு யார் பதில் சொல்வது, என்ன பதில் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். டீச்சர் அந்த நேரம் காப்பி குடிக்கப் போயிருந்தால் அந்தப் பெண் ‘சரிங்க ஐயா’வோடு வீட்டுக்குப் போயிருப்பார்.

சாயங்காலம் நாலு மணிக்கு நடிப்புப் பயிற்சி. இது அமெரிக்காவில் ஜேம்ஸ் லாசன் நடத்திய பயிற்சியைப் பார்த்துச் செய்தது. லாசன் மெதடிஸ்ட் போதகர், ஐம்பதுகளில் மூன்று வருஷம் நாக்பூரில் கல்லூரியில் வேலை பார்த்தவர், காந்தியின் வழியை இங்கே படித்துக்கொண்டு போனவர். நாஷ்வில் நகரில் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் மாணவர்களை உட்காரவைத்து, அவர்கள் முகத்தில் சிகரெட் புகை ஊதவும், முடியைப் பிடித்து இழுக்கவும், நாற்காலியிலிருந்து தள்ளவும் அவர்களுடைய நண்பர்களையே விட்டுப் பழக்கினார். 1960 பிப்ரவரியில் அந்த மாணவர்கள் கறுப்பர்களுக்கு இடமில்லாத சாப்பாட்டுக் கடைகளில் போய் உட்கார்ந்தார்கள், அடித்தபோது திருப்பி அடிக்கவில்லை, எழுந்தும் போகவில்லை. மே மாதம் கடைகள் திறந்தன. அந்த மாணவர்கள் எந்தக் கன்னத்தைக் காட்டினாலும் நாற்காலியைக் காலி செய்யவில்லை என்பதை டீச்சர் இரண்டு தடவை சொன்னார்.

மார்ட்டின் லூதர் கிங் கதையும் வந்தது. 1962 செப்டம்பர் 28, பர்மிங்காமில் மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போது அமெரிக்க நாஜிக் கட்சிக்காரன் ஒருவன் ஏறி வந்து முகத்தில் அடிக்கிறான். கிங் கையைக் கீழே தொங்கவிட்டுவிட்டார், தடுக்கக்கூட இல்லை. ஆட்கள் பாய்ந்து வந்தபோது அவனைத் தொடாதீர்கள் என்றார். வழக்குப் போடவும் மறுத்தார். ஆனால் அதே மனிதர்தான் மாண்ட்கோமரியில் 381 நாள் பஸ் புறக்கணிப்பை நடத்தினவர். அடங்கிப் போகிற ஆளா அது?

சரி, பயிற்சி. நான் கையைத் தூக்கினேன், வீம்புக்குத்தான். கூடத்தின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் நான். என்னைச் சுற்றி நாலு பேர், என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், லேசாகத் தள்ளலாம், நான் எழக் கூடாது. முதல் பையன் ஓசிச் சோறு தின்ன வந்தவன் என்றான். சிரிப்பு வந்தது. இரண்டாவது ஆள் என் வழுக்கையைத் தட்டினான், பரவாயில்லை. மூன்றாவதாக வந்தது வெள்ளிக்கிழமை ‘திருப்பிக் கொடு’ ஜோக் அடித்த அதே பையன். நாற்காலிக் கையைப் பிடித்துக் குனிந்து, “வயசுக்குத் தகுந்த புத்தி இருக்கா உனக்கு?” என்றான். அவனுக்கு என்ன தெரியும், பாவம். கை கழுவுகிற இடத்தில் அண்ணன் சொன்ன அதே வாக்கியம், அடிக்கு முந்தைய வாக்கியம். என்ன நடந்தது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை, நான் நின்றுகொண்டிருந்தேன், அவன் சட்டை என் கையில் இருந்தது, நாற்காலி பின்னால் கவிழ்ந்து கிடந்தது.

பையன் பயந்துபோய் “சாரி அங்கிள், சாரி அங்கிள்” என்றான். நான்தான் சாரி சொல்லியிருக்க வேண்டும், ராத்திரிச் சாப்பாட்டில் போய்ச் சொன்னேன். டீச்சர் ஒன்றும் திட்டவில்லை. நாற்காலியை நிமிர்த்தி வைத்துவிட்டு, “இதனாலதான் லாசன் மாசக்கணக்குல பழக்கினார். ஒரு வசனத்தை வாசிச்சு வர்றது இல்ல இது” என்றார். பொறுமைசாலி என்று இரண்டு மாதமாகப் பேர் வாங்கியிருந்த ஆள் நான். அது அந்த நாற்காலியில் இரண்டு நிமிடம்தான் தாங்கியது.

இந்தப் பயிற்சியை ஒரே தடவை, அதுவும் முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள் என்பதும் ஒரு குறை. ஞாயிறு காலை பொருள் தெரியாத பாட்டுகளுக்குக் கொடுத்த ஒன்றரை மணி நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்திருக்கலாம்.

ஞாயிறு கடைசி வகுப்பு யோவான் 18. இதை ஏன் முதல் நாளே வைக்கவில்லை என்று இன்னும் யோசிக்கிறேன். பிரதான ஆசாரியன் முன்னால் நிற்கிற இயேசுவை ஒரு சேவகன் கன்னத்தில் அறைகிறான். மறு கன்னம் சொன்னவர் மறு கன்னத்தைக் காட்டவில்லை. கேள்வி கேட்கிறார். ‘நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால், தகாததை ஒப்புவி, நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்?’ அடியும் இல்லை, சாபமும் இல்லை, ஆனால் கணக்குக் கேட்கிறார். இதற்குப் பக்கத்தில் அப்போஸ்தலர் 23-ஐ வைத்தார் டீச்சர்: அங்கே பவுலை வாயில் அடிக்கச் சொல்கிறான் அனனியா, பவுல் உடனே ‘வெள்ளையடிக்கப்பட்ட சுவரே’ என்று திட்டிவிடுகிறார், பிறகு பிரதான ஆசாரியன் என்று தெரியாமல் பேசிவிட்டேன் என்கிறார். பவுலுக்கே அன்று பயிற்சி போதவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

கிளம்பும்போது ஆபீஸில் ஒரு சின்னக் கூத்து. என் பேரில் 300 ரூபாய் கூடுதலாக எழுதியிருந்தார்கள், கூடுதல் படுக்கையாம். நான் தனி ஆள், ஒரு கட்டிலில்தான் படுத்தேன். தம்பி ஒருவர், “சார், சின்னத் தொகைதான, தியானத்துக்கு வந்திருக்கீங்க” என்று இழுத்தார். சிரித்துவிட்டேன். கோபப்படாமல், நகராமல், “ரெஜிஸ்டரைக் காட்டுங்க தம்பி” என்றேன். நாலு தடவை அதே வாக்கியம். ஐந்தாவது தடவை ரெஜிஸ்டர் வந்தது. பக்கத்து அறை ஆளின் படுக்கை என் வரியில் ஏறியிருந்தது. அடித்துவிட்டார். நன்றி சொல்லி வந்தேன். என் பின்னால் நின்ற பாட்டி, ‘தகாததை ஒப்புவி’ என்று முணுமுணுத்தது கேட்டது.

அந்தப் பெண் ஞாயிறு காலை வகுப்பு முடிந்ததும் டீச்சரோடு வேப்பமரத்தடியில் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கையெழுத்துக் கேட்ட காகிதம் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது, போடவில்லை. அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுத ஆரம்பித்திருக்கிறேன், சுவரைப் பற்றி அல்ல, ‘என்னை ஏன் அடித்தீர்கள்’ என்று முதல் வரி. இரண்டாவது வரி மூன்று வாரமாக வரவில்லை.

போகிறவர்களுக்கு: டீச்சர் வருகிறாரா என்று போனில் கேட்டுவிட்டு முன்பணம் கட்டுங்கள், அவர் இல்லையென்றால் யோசியுங்கள். போர்வை, கொசுவத்தி கொண்டுபோங்கள். பேருந்து நிறுத்தத்திலிருந்து ஒரு மைல் நடை, ஆட்டோ கிடைக்காது. வெந்நீர் வேண்டுமென்றால் ஐந்தே முக்காலுக்கே பக்கெட்டோடு போய் நின்றுவிடுங்கள், ஆறரைக்கு மேல் அண்டாவில் சாம்பல்தான் மிதக்கும்.